உத்தியோகம் யாருக்கு லட்சணம்?

(பத்தாம் வகுப்பு மாணவி)

"உத்தியோகம் புருஷ லட்சணம்" என்பது நம் பெரியோர் வாயில் அடிக்கடி வரும் பழமொழி. வேலை பார்த்துப் பொருள் ஈட்டுவது ஆண்மகனுக்கு அழகு என்பது இதன் பொருள். ஆனால் தஞ்சைத் தரணியில் பிறந்த நாம் இதை அப்படியே ஒப்புக்கொள்ள முடியுமா? குறுவையோ, சம்பாவோ, தாளடியோ, நடவு நாளில் சேற்றில் குனிந்து நிற்பவர்கள் யார்? பெண்கள். களை எடுப்பவர்கள் யார்? பெண்கள். களத்தில் சிதறிய நெல்லைக் கூட்டி அள்ளுபவர்கள் யார்? அவர்களும் பெண்களே. நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்துவிட்ட இந்த நாளிலும் பெண்களின் கைபடாமல் நம் வயல்களில் ஒரு போகம் விளைவதில்லை. அந்தப் பழமொழியைச் சொன்னவர் உண்ட சோறும் பெண்களின் உழைப்பால் வந்ததுதான். ஆயினும் அதற்கு உத்தியோகம் என்று பெயர் வைக்கவில்லை. கூலி வேலை என்று வைத்தார்கள்.

பிறகு பெண்கள் படித்தார்கள். ஆசிரியை, செவிலியர், டைப்பிஸ்ட், வங்கி ஊழியர் என்று மேசைக்கு முன்னால் அமர்ந்தார்கள். உத்தியோகம் என்ற பெயரும் கிடைத்தது. ஆனால் மரியாதை கிடைத்ததா? இந்தக் கேள்வியை அழுகையோடு கேட்ட படங்கள் தமிழில் உண்டு. வயிறு வலிக்கச் சிரிக்க வைத்துக்கொண்டே கேட்ட படம் ஒன்று உண்டு. அதுதான் 1994-ஆம் ஆண்டு வெளிவந்த 'மகளிர் மட்டும்'.

சினிமாவைப் பற்றிப் பள்ளி ஆண்டு மலரில் எழுதலாமா என்று எனக்கே தயக்கமாக இருந்தது. எங்கள் தமிழ் வகுப்புச் சிஸ்டரிடம் கேட்டேன். "படத்தில் என்ன நடக்கிறது என்று மட்டும் எழுதாதே. அப்படி ஒரு படம் ஏன் வரவேண்டியிருந்தது என்பதையும் எழுது" என்றார்கள். அதையே இங்கு செய்ய முயல்கிறேன்.

படத்தின் கதை

'மகளிர் மட்டும்' படத்தைத் தயாரித்தவர் நடிகர் கமல்ஹாசன். இயக்கியவர் சிங்கீதம் சீனிவாசராவ். வசனமே இல்லாத 'பேசும் படம்' (1987), 'அபூர்வ சகோதரர்கள்' (1989), 'மைக்கேல் மதன காமராஜன்' (1990) ஆகிய படங்களை இயக்கியவரும் இவரே. இசை இளையராஜா. வசனம் கிரேசி மோகன். ஒரு வாக்கியத்துக்குச் சிரித்து முடிப்பதற்குள் அடுத்த வாக்கியம் வந்துவிடும் என்றால், அது கிரேசி மோகனின் எழுத்து என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

ஓர் ஆடை நிறுவனம். அங்கே பாண்டியன் என்ற மேலதிகாரி. நாசர் நடித்திருக்கிறார். இவருக்குக் கீழே வேலை செய்யும் பெண்களுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு சோதனை. வழிந்து வழிந்து பேசுவார், இடித்துக்கொண்டு நடப்பார், இணங்காதவர்களுக்குத் தொல்லை கொடுப்பார். அவரிடம் சிக்கித் தவிக்கும் மூன்று பெண்களே இந்தக் கதையின் நாயகியர். ரேவதி நடித்த சத்யா துணிந்து பேசுபவள். ஊர்வசி நடித்த ஜானகி, வீட்டையும் ஆபீஸையும் இரு தோளிலும் சுமக்கும் நடுத்தரக் குடும்பத்துப் பெண். ரோகிணி நடித்த பாப்பம்மா, அந்த ஆபீஸைக் கூட்டிப் பெருக்குபவள்.

காப்பியில் எலிமருந்து கலந்துவிட்டதோ என்ற பயத்தில் தொடங்குகிறது ரகளை. மருத்துவமனைக்கு ஓடுகிறார்கள். மேலதிகாரி இறந்துவிட்டார் என்று எண்ணி, வேறு யாருடைய உடலையோ தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். அந்த உடலாக நடித்தவர் நாகேஷ். அறுபது வயதைத் தொட்டிருந்த அந்தப் பெரிய நடிகர், ஒரு வார்த்தை பேசாமல், கண்ணைக்கூடச் சிமிட்டாமல் பிணமாகவே நடித்துத் திரையரங்கை அதிர வைத்தார். மேலதிகாரியோ உயிரோடுதான் இருக்கிறார் என்று தெரிந்த பிறகு, மூவரும் அவரைக் கட்டிப்போட்டுவிட்டு ஆபீஸைத் தாங்களே நடத்திக் காட்டுகிறார்கள். ஆபீஸின் முகமே மாறிவிடுகிறது.

இதில் ஒரு செய்தியை நாம் கவனிக்க வேண்டும். சத்யா, ஜானகி, பாப்பம்மா மூவரும் ஒரே தரத்தினர் அல்லர். மேசையில் அமர்ந்து வேலை செய்பவளும் மேசையைத் துடைப்பவளும் ஒன்றாக உட்கார்ந்து டீ குடிக்கும் ஆபீஸ்கள் எத்தனை? பாண்டியனைப் போன்றவர்களின் பலமே அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. மூவரும் தனித்தனியே இருந்தவரை அவர் சிங்கமாக உலவினார். மூவரும் ஒன்றாக உட்கார்ந்து தத்தம் கதையைப் பேசியபோதுதான் அவருடைய ஆட்டம் அடங்கியது. கயிறு பிறகுதான் வந்தது.

கடல் கடந்து வந்த கதை

இந்தக் கதைக்கு மூலம் 1980-ல் அமெரிக்காவில் வெளிவந்த 'நைன் டு ஃபைவ்' என்ற படம். ஒன்பது மணி முதல் ஐந்து மணி வரை என்பது இதன் பொருள், ஆபீஸ் நேரம். இயக்கியவர் காலின் ஹிக்கின்ஸ். ஜேன் ஃபோண்டா, லில்லி டாம்லின், டாலி பார்ட்டன் ஆகிய மூவரும் நாயகியர். ஒருத்தி கணவனைப் பிரிந்து முதன்முறையாக வேலைக்கு வந்தவள். இன்னொருத்தி பல்லாண்டு அனுபவம் உடையவள். அவளுடைய யோசனைகளைத் தன் யோசனைகளாகச் சொல்லிப் பெயர் வாங்குகிறார் மேலதிகாரி. பதவி உயர்வோ ஆண்களுக்கே போகிறது. மூன்றாமவள், தன்னைப் பற்றி மேலதிகாரியே பரப்பிவிட்ட பொய்யால் ஆபீஸில் எல்லோராலும் ஒதுக்கப்பட்டவள். படத்தின் புகழ்பெற்ற பாடலை எழுதிப் பாடியவர் டாலி பார்ட்டன். தம்முடைய நகங்களை ஒன்றோடொன்று உரசி டைப்ரைட்டர் ஓசையை உண்டாக்கி அந்தப் பாட்டை அவர் கட்டினார் என்பது சுவையான செய்தி.

இந்த அமெரிக்கப் படமும் வெறும் கற்பனையில் பிறந்தது அன்று. 1973-ல் பாஸ்டன் நகரத்தில் கேரன் நுஸ்பாம், எல்லன் கசடி முதலிய ஆபீஸ் பெண்கள் சிலர் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதன் பெயரும் 'ஒன்பது முதல் ஐந்து'தான். அந்நாட்டில் ஆண்டுக்கு ஒரு முறை ஆபீஸ் செயலாளர்களைப் பாராட்டி மேலதிகாரிகள் பூங்கொத்து கொடுப்பது வழக்கம். "ரோஜாப்பூ வேண்டாம், சம்பள உயர்வு கொடுங்கள்" என்று அந்தப் பெண்கள் முழங்கினார்கள். நுஸ்பாமின் தோழியான ஜேன் ஃபோண்டா, அவர்களுடைய அனுபவங்களைக் கேட்டறிந்தே இந்தப் படத்துக்கு வித்திட்டார்.

அந்தப் படத்தின் முடிவில் ஒரு காட்சி வருகிறது. மேலதிகாரியைக் கட்டிப்போட்டிருந்த நாட்களில் பெண்கள் ஆபீஸில் குழந்தைகள் காப்பகம் திறந்திருக்கிறார்கள். வேலை நேரத்தை வசதிக்கேற்ப மாற்றியிருக்கிறார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் சமச் சம்பளம் கொடுத்திருக்கிறார்கள். நிறுவனத்தின் பெரிய தலைவர் வந்து பார்த்து எல்லாவற்றையும் பாராட்டுகிறார். போகும்போது மட்டும், அந்தச் சமச் சம்பளத்தை எடுத்துவிட வேண்டும் என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போகிறார்! சிரிப்புக்குள் மறைந்திருக்கும் முள் இதுதான். பாராட்டு எளிதாகக் கிடைக்கும். பங்கு எளிதில் கிடைக்காது.

நம் வயல்களில்

மேலதிகாரியைப் பார்த்துச் சிரிப்பது அமெரிக்காவிலோ சென்னையிலோ தொடங்கியது என்று எண்ண வேண்டாம். அது நம் காவிரிக் கரையில் நெடுங்காலமாக உள்ளதுதான். என் அப்பாயி இளவயதில் நடவுக்குப் போனவர்கள். பண்ணையின் காரியக்காரர் குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நிற்பாராம். நடும் பெண்கள் அவருடைய குடையையும் தலைப்பாகையையும் நடையையும் பாட்டில் வைத்துக் கட்டிவிடுவார்களாம். பெயர் எங்கும் வராது. ஆகவே அவரால் கோபிக்கவும் முடியாது. கோபித்தால், பாட்டில் வருவது தாம்தான் என்று அவரே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்! "அந்தச் சிரிப்பு இல்லைன்னா இடுப்பு ஒடிஞ்சு போயிருக்கும்" என்பார்கள் அப்பாயி.

ஆனால் பாட்டு முடிந்து கரையேறினால், கூலி அளக்கும் கை காரியக்காரருடைய கைதான். ஆண் கூலி ஒன்று, பெண் கூலி ஒன்று. அந்தக் கணக்கைப் பாட்டால் மாற்ற முடியவில்லை. சம வேலைக்குச் சம ஊதியம் தரவேண்டும் என்ற சட்டம் 1976-ல் வந்தது. பின்னர் அது 2019-ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. அப்பாயிக்கு இந்தச் சட்டங்களைப் பற்றி யாரும் சொன்னதில்லை.

சிரிப்பு மனச்சுமையை இறக்கி வைக்கும். ஆனால் சிரிப்பு மட்டும் நீதி ஆகிவிடாது. 'மகளிர் மட்டும்' படத்தைப் பார்க்கும்போதும் இந்த எண்ணமே எனக்கு வந்தது.

அழுகையிலிருந்து சிரிப்புக்கு

வேலைக்குப் போகும் பெண்ணைத் தமிழ்த் திரையில் நடுவில் நிறுத்தியவர்களுள் முதன்மையானவர் கே.பாலசந்தர். இவர் நன்னிலம் பகுதியில் உள்ள நல்லமாங்குடியில் 1930-ல் பிறந்த நம் தஞ்சை மண்ணின் மைந்தர். முத்துப்பேட்டையில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பிறகு சென்னையில் அக்கவுண்டண்ட் ஜெனரல் அலுவலகத்தில் பணியாற்றியவர். ஆபீஸ் வாழ்க்கையை உள்ளிருந்தே கண்டவர். அவருடைய 'அவள் ஒரு தொடர்கதை' (1974) படத்தில் சுஜாதா நடித்த கவிதா, தன் சம்பளத்தால் ஒரு குடும்பத்தையே தாங்குகிறாள். 'மனதில் உறுதி வேண்டும்' (1987) படத்தில் சுஹாசினி செவிலியராக வருகிறார். இந்தப் படங்களைப் பார்த்த நம் தாய்மார்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீடு திரும்பினார்கள்.

'மகளிர் மட்டும்' அப்படி அழ வைக்கவில்லை. அதுவரை பெண்கள் யாரிடமும் சொல்லக் கூசிய ஒன்றை, எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சிரிக்கும்படி செய்தது. தனியே அழுத ஒன்றைக் கூட்டத்தில் சிரிக்க முடிந்தால், வெட்கப்பட வேண்டியவர் யார் என்பது மாறிவிடுகிறது. இதுவே இந்தப் படத்தின் பெருமை என்பேன்.

எங்கள் வீட்டில் நடந்தது

இதை நான் ஏட்டறிவால் சொல்லவில்லை. என் அத்தையிடம் அனுமதி பெற்றே இதை எழுதுகிறேன்.

அத்தை என் தந்தையின் மூத்த சகோதரி. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் தேறியவர்கள். 1993-ல் ஒரு தனியார் ஆபீஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தார்கள். எட்டே மாதத்தில் நின்றுவிட்டார்கள். "முதுகுவலி, உட்கார முடியவில்லை" என்று காரணம் சொன்னார்களாம். அதன் பிறகு வீட்டிலேயே தையல் தைத்து வந்தார்கள். அவர்கள் தட்டச்சின் வேகத்தைப் பற்றி அப்பா இன்றும் பெருமையாகப் பேசுவார்.

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் 'மகளிர் மட்டும்' படத்தைத் தொலைக்காட்சியில் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். மேலதிகாரியைக் கட்டிப்போடும் கட்டத்தில் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர்கள் அத்தைதான். படம் முடிந்தபின் விளக்கைப் போட்டபோது, "எனக்கும் இப்படி ஒரு மேனேஜர் இருந்தார்" என்றார்கள். அறையில் பேச்சு நின்றுவிட்டது.

அவர் படத்தில் வருபவரைப் போல இல்லையாம். வயதானவர், ஊரில் மதிப்புள்ளவர், தீபாவளிக்கு எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுப்பவர். அத்தை டைப் அடிக்கும்போது நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பாராம். மறுநாள் அடித்தால் போதும் என்ற கடிதத்துக்காக ஆறு மணிக்கு மேல் உட்காரச் சொல்வாராம். சடையைப் பற்றியும் சேலையைப் பற்றியும் பேசுவாராம். தலைமை எழுத்தரிடம் அத்தை சொன்னபோது, "அவர் சுபாவம் அப்படி. நீ கண்டுக்காதேம்மா" என்றாராம்.

"ஏன் அக்கா, இத்தனை வருஷம் எங்ககிட்ட சொல்லலை?" என்று அப்பா கேட்டார்.

"சொன்னா என்ன செஞ்சிருப்பீங்க? மறுநாளே வேலையை விடச் சொல்லியிருப்பீங்க. அதான் நானே விட்டுட்டேன்" என்றார்கள் அத்தை.

அப்பா பதில் சொல்லவில்லை. வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

பெற்றோரே, ஆசிரியப் பெருமக்களே, இந்த ஒரு பதிலைச் சற்று எண்ணிப் பாருங்கள். தவறு செய்தவர் ஒருவர். வேலையை இழந்தவர் மற்றொருவர். சொல்லாவிட்டாலும் வேலை போயிற்று, சொல்லியிருந்தாலும் போயிருக்கும். வீட்டில் உள்ளவர்களின் அன்பேகூட அந்த மேனேஜருக்குத் துணையாகி, பெண்ணை வீட்டுக்கு அனுப்பியிருக்கும். தம்மீது புகார் வராது என்ற தைரியம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது எனக்குப் புரிகிறது.

சட்டம் வந்த வழி

அத்தை வேலை பார்த்த காலத்தில் புகார் கொடுக்க வேறு வழியே இல்லையா? தமிழகத்தில் அரசுப் பணிகளில் பெண்களுக்கு 30 விழுக்காடு இட ஒதுக்கீடு 1989-ல் வந்தது. 1992 முதல் அனைத்து மகளிர் காவல் நிலையங்களும் வந்தன. பெண்ணின் மானத்துக்குக் கேடு செய்பவரைத் தண்டிக்க இந்திய தண்டனைச் சட்டத்திலும் பிரிவுகள் இருந்தன. ஆனால் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்கிறார் என்று சொல்ல ஒரு பெண் காவல் நிலையத்தின் படியேறுவாளா? ஆபீஸுக்குள்ளேயே அதைச் சொல்ல ஓர் இடம் இல்லை. படத்தின் நாயகியர் மூவரும் கயிற்றைத் தேடியதற்குக் காரணமும் அதுதான். புகார்ப் பெட்டி இல்லாத இடத்தில்தான் இப்படிப்பட்ட நகைச்சுவை பிறக்கிறது.

உயர்ந்த பதவியில் இருந்தவர்களுக்கும் அன்று நீதி எளிதாக இருக்கவில்லை. ரூபன் தியோல் பஜாஜ் என்ற பெண் ஐ.ஏ.எஸ். அதிகாரி, பஞ்சாப் காவல்துறைத் தலைவர் கே.பி.எஸ். கில் 1988-ல் ஒரு விருந்தில் தம்மிடம் முறைகேடாக நடந்ததாகப் புகார் கொடுத்தார். உயர்நீதிமன்றம் அந்தப் புகாரைத் தள்ளிவிட்டது. அவர் உச்சநீதிமன்றம் சென்று அதை மீட்டார். 1996-ல்தான் கில் குற்றவாளி எனத் தீர்ப்பு வந்தது. ஒரு மாவட்டத்தையே ஆளும் தகுதி பெற்ற பெண்மணிக்கு எட்டு ஆண்டுகள் என்றால், எட்டு மாதம் வேலை பார்த்த டைப்பிஸ்டின் நிலை என்ன?

சட்டத்துக்கு வழி திறந்தவரோ படித்த அதிகாரி அல்லர். ஒரு கிராமத்துப் பெண். ராஜஸ்தானில் பட்டேரி என்ற ஊரைச் சேர்ந்தவர் பன்வாரி தேவி. மாநில அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் கிராமப் பணியாளராக இருந்தார். ஒரு வயதுகூட நிரம்பாத பெண் குழந்தைக்கு நடக்கவிருந்த திருமணத்தை 1992-ல் தடுக்க முயன்றார். அதற்குப் பழிவாங்கும் விதமாக மிகக் கொடிய வன்முறைக்கு ஆளானார். குற்றம் சாட்டப்பட்டவர்களைக் கீழ் நீதிமன்றம் 1995-ல் விடுவித்துவிட்டது. தம் கடமையைச் செய்த ஒரு பெண்ணுக்கு அந்தக் கடமையினாலேயே இப்படி நேர்ந்தது என்றால், வேலை செய்யும் பெண்களுக்குப் பாதுகாப்பு எங்கே என்று கேட்டு, 'விசாகா' முதலிய அமைப்புகள் உச்சநீதிமன்றத்தை அணுகின.

1997 ஆகஸ்ட் 13 அன்று தலைமை நீதிபதி ஜே.எஸ்.வர்மா தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. நீதிபதி சுஜாதா மனோகர் என்ற பெண்மணியும் அந்த அமர்வில் இருந்தார். வேலை செய்யும் இடம் ஒவ்வொன்றிலும் பெண்களின் புகாரை விசாரிக்க ஒரு குழு இருக்க வேண்டும் என்றும், சட்டம் வரும்வரை இந்தத் தீர்ப்பே சட்டமாக நிற்கும் என்றும் உச்சநீதிமன்றம் கூறியது. இதுவே விசாகா நெறிமுறை. நாடாளுமன்றம் சட்டம் இயற்ற மேலும் 16 ஆண்டுகள் ஆயின. 2013-ல் இயற்றப்பட்ட பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் அவ்வாண்டு டிசம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. இத்தனைக்கும் பிறகு பன்வாரி தேவியின் பெயரை நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

சட்டம் சொல்வது என்ன?

நாளை வேலைக்குப் போகப்போகிற நாம் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. வேலைக்குப் போகும் அன்னையருக்கும் பயன்படும்.

முதலாவது, பெண்ணின் விருப்பத்துக்கு மாறான தொடுதல், தகாத கோரிக்கை, ஆபாசமான பேச்சு, ஆபாசப் படங்களைக் காட்டுதல், தவறான சைகை ஆகிய எல்லாமே குற்றம். "இணங்கினால் பதவி உயர்வு" என்று ஆசை காட்டுவதும், "மறுத்தால் வேலை போகும்" என்று மிரட்டுவதும் இதில் அடங்கும். "அவர் சுபாவம் அப்படி" என்ற சமாதானத்துக்குச் சட்டத்தில் இடமில்லை.

இரண்டாவது, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் ஓர் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். தலைமை வகிப்பவர் அங்குள்ள மூத்த பெண் ஊழியராக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் குறைந்தது பாதிப்பேர் பெண்கள். வெளியிலிருந்தும் ஒருவர் இருப்பார். நிறுவனத்துக்குள்ளேயே மூடி மறைக்கக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. குழுவை அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

மூன்றாவது, பத்துப் பேருக்குக் குறைவான இடம் என்றாலோ, முதலாளியே தவறு செய்தவர் என்றாலோ என்ன செய்வது? அதற்கு மாவட்டந்தோறும் ஓர் உள்ளூர்க் குழு இருக்க வேண்டும் என்கிறது சட்டம். வீட்டுவேலை செய்பவர்களையும் அமைப்புசாராத் தொழிலாளர்களையும் அது விட்டுவிடவில்லை. சிறு கடையில் நிற்கும் பெண்ணுக்கும், ஆபீஸைக் கூட்டும் பாப்பம்மாவுக்கும், நடவுக்குப் போகும் பெண்ணுக்கும் இந்தச் சட்டம் உண்டு. என் அப்பாயியின் காலத்தில் வரப்பில் நின்ற காரியக்காரர் இன்று நின்றால் அவரும் இதற்குக் கட்டுப்பட்டவரே.

நான்காவது, நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் குழு அனுமதிக்கலாம். 90 நாட்களுக்குள் விசாரணை முடிய வேண்டும். புகார் கொடுத்தவரின் பெயரை வெளியிடக் கூடாது. விசாரணை நடக்கும்போது, கேட்டுக்கொண்டால் அந்தப் பெண்ணுக்கு விடுப்போ இடமாற்றமோ அளிக்கவும் வழியுண்டு. எல்லாவற்றிலும் இதுவே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. வேலையை விடாமலே புகார் கொடுக்கலாம்!

பதினெட்டு வயதுக்கு உட்பட்ட நமக்கு 2012-ஆம் ஆண்டு வந்த போக்சோ சட்டம் தனியே உண்டு. குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181 என்ற தொலைபேசி எண்களை ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். வாய்ப்பாட்டைவிட இவை சிறியவைதான்.

வேறு மாற்றங்கள் சிலவும் வந்துள்ளன. 2017-ல் மகப்பேறு விடுப்பு 26 வாரமாக உயர்ந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும் ஆயிற்று. நம் ஊர் ஜவுளிக் கடைகளில் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே சேலையை விரித்துக் காட்டும் அக்காமார்களைப் பார்த்திருக்கிறோம். அவர்கள் உட்கார நாற்காலி தரவேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத்திருத்தம் வந்தது. உட்காருவதற்குக்கூட ஒரு சட்டம் வேண்டியிருந்தது என்பது கிரேசி மோகன் எழுதாத நகைச்சுவை.

முடிவாகச் சில சொற்கள்

சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. ஓர் ஆபீஸில் குழு இருக்கிறதா என்று முதல் நாளே கேட்கும் துணிவு பெண்ணுக்கு வேண்டும். கேட்டவளை அதிகப்பிரசங்கி என்று சொல்லாத பண்பு உடன் இருப்பவர்களுக்கு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மகள் வந்து சொல்லும்போது "நாளையிலிருந்து போகாதே" என்று சொல்லாமல், "வா, நானும் வருகிறேன், எழுதிக் கொடுப்போம்" என்று சொல்லும் பெற்றோர் வேண்டும்.

தோழியரே, நமக்கும் ஒரு கடமை உண்டு. நம் வகுப்பில் ஒருத்தி பேருந்தில் நடந்ததையோ வேறு எங்கோ நடந்ததையோ சொல்லும்போது, "நீ ஏன் அந்தப் பக்கம் போனாய்?" என்று கேட்காமல் இருப்போம். சத்யா, ஜானகி, பாப்பம்மாவைப் போல ஒருவர் பேச்சை ஒருவர் கேட்போம். அவர்கள் எடுத்த கயிறு நமக்கு வேண்டாம். ஒரு தாளும் பேனாவும், பக்கத்தில் ஒரு தோழியும் இருந்தால் போதும்.

அந்தப் பழமொழியைத் திருத்தி எழுத எனக்கு உரிமை உண்டென்றால் இப்படி எழுதுவேன்: உத்தியோகம் மனித லட்சணம், உடன் உழைப்பவரை மதிப்பது உத்தியோகத்துக்கே லட்சணம்.